மீன்களின் தாய்வீடு

நிலப்படம் வரையப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியராகிய நாம், கடலுக்கு நீலம் தீட்டிவிட்டு நின்றுவிடுகிறோம். அந்த நீலத்துள்ளும் வீடுகள் உண்டு. கிள்ளான் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள தீவுகளின் கண்டற்காடு அத்தகையது. மலாய்மொழியில் பாக்காவ் என்பர். மலாயாப் பல்கலைக்கழக அறிஞர் சசேகுமாரும் குழுவினரும் சிலாங்கூர்க் கண்டற்கழிகளில் 119 வகை மீன்களையும் 9 வகை இறால்களையும் கண்டு 1992இல் எழுதினர். மீன்களுள் பெரும்பாலானவை குஞ்சுகளே!

கடல் முழுவதும் வலையிட்டுப் பார்த்தல் இயலுமா? ஆகவே, குஞ்சுகள் கிடைத்த இடங்களின் ஆழம், உப்பளவு, சேற்றின் தன்மை ஆகியவற்றைக் கணக்கிட்டு, அவைபோன்ற பிற இடங்களையும் கணினியால் ஊகித்துப் படத்தில் குறிக்கின்றனர். ஊகம் ஊகமே, மீண்டும் வலையிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

1981இல் வகுத்த விதி, கரையிலிருந்து 5 கடல்மைல்வரை சிறுமீனவர்க்கென ஒதுக்கியது. நல்ல விதிதான். ஆயினும் அது தூரத்தை அளந்ததேயன்றி வீட்டை அளக்கவில்லை. கண்டலை வெட்டி நிலமாக்குவோரை அது தடுக்கவுமில்லை. எந்தக் கழியை அழித்தால் எந்த மீனுக்கு இடமில்லாமற் போகும் என்பதைக் காட்டவே இப்படம்.