மேசைப்பந்தாட்ட மட்டையின் மாற்று வடிவமைப்புகள்

மேசைப்பந்தாட்ட மட்டையின் மாற்று வடிவமைப்புகள் என்பவை, முட்டை வடிவப் பலகையும் நேரான கைப்பிடியும் கொண்ட வழக்கமான மட்டையிலிருந்து உருவத்திலோ, உட்பொருளிலோ, எடைப் பங்கீட்டிலோ வேறுபட்ட மட்டைகள் ஆகும். அறுகோணம் போன்ற பலகை, கைத்துப்பாக்கியின் பிடியைப் போல் சாய்ந்த கைப்பிடி, உட்குழிவான கைப்பிடி, மர அடுக்குகளுக்கு இடையே கார்பன் இழை எனப் பல வகைகள் விற்பனைக்கு வந்துள்ளன. இவை உண்மையான புத்தாக்கங்களா, விளம்பரத்திற்காகச் செய்யப்படும் மாற்றங்களா என்பது ஆட்டக்காரர்களிடையே நெடுங்காலமாக உள்ள விவாதம். இதில் தீர்ப்புக் கூற உதவும் மிகத் தெளிவான நிகழ்வு ஒன்று இந்தியாவிலேயே, 1952இல் பம்பாயில் நடந்துள்ளது. மட்டையின் மேற்பரப்பில் செய்யப்பட்ட மாற்றங்கள் ஆட்டத்தையே மாற்றியுள்ளன என்பதையும், பலகையின் வெளிக்கோட்டில் செய்யப்பட்டவை அந்த அளவுக்கு மாற்றவில்லை என்பதையும் இவ்விளையாட்டின் வரலாறு காட்டுகிறது.

விதிகள்

பன்னாட்டு மேசைப்பந்தாட்டக் கூட்டமைப்பின் விதிகளைப் படிப்பவர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. மட்டை எந்த அளவிலும், எந்த வடிவத்திலும், எந்த எடையிலும் இருக்கலாம். பலகை தட்டையாகவும் வளையாததாகவும் இருத்தல் வேண்டும் என்பதே உருவத்தைப் பற்றிய நிபந்தனை. ஆகவே சதுர மட்டையுடனோ முக்கோண மட்டையுடனோ ஒருவர் களமிறங்கினால், வடிவத்தைக் காரணம் காட்டி நடுவர் அவரைத் தடுக்க இயலாது.

உட்பொருளில் இந்தத் தாராளம் இல்லை. பலகையின் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும். ஒட்டும் படலத்தைக் கார்பன் இழை, கண்ணாடி இழை, அழுத்தப்பட்ட தாள் போன்றவற்றால் வலுப்படுத்தலாம். ஆனால் அப்படலம் மொத்தத் தடிமனில் 7.5 விழுக்காடு அல்லது 0.35 மில்லிமீட்டர், இவற்றுள் எது குறைவோ அதனை மீறக்கூடாது. பந்தைத் தொடும் உறைக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. முளைகள் வெளிப்புறம் நோக்கிய சாதாரண இரப்பர் எனில் பசையுடன் சேர்த்து 2 மில்லிமீட்டர், நுரைப்பஞ்சுடன் கூடிய உறை எனில் 4 மில்லிமீட்டர் என உச்சவரம்பு உண்டு. கூட்டமைப்பு வெளியிடும் பட்டியலில் உள்ள உறைகளையே பன்னாட்டுப் போட்டிகளில் பயன்படுத்தலாம்.

உருவத்தைத் தளர்வாகவும் மேற்பரப்பை இறுக்கமாகவும் விதிகள் நடத்துவதற்குக் காரணம், இவ்விளையாட்டு கடந்துவந்த பாதையில் உள்ளது.

தோல் மட்டைகள்

1900ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் இவ்விளையாட்டு பரவியபோது, நீண்ட கைப்பிடியுடைய சட்டத்தில் விலங்குத் தோலை இழுத்துக் கட்டிய மட்டைகள் புழக்கத்தில் இருந்தன. ஆட்டுச் சந்தைக்கு அறியப்பட்ட ஒடுகத்தூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையிலான தோல் தொழில் வட்டாரத்து வாசகர்கள் இதனைக் காலணித் தோலுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது ஆவாரம்பட்டையிலோ குரோமிய உப்பிலோ பதனிடப்பட்ட தோல் அன்று. சுண்ணாம்பிலிட்டு மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிய நிலையிலேயே உலர்த்திய தோல். பறைக்குக் கட்டும் தோலுக்கு நெருங்கிய உறவு எனலாம். செல்லுலாயிடு பந்து அதில் பட்டபோது எழுந்த முழக்கமே 'பிங்-பாங்' என்னும் வணிகப் பெயருக்குக் காரணம் எனப் பரவலாகக் கூறப்படுகிறது.

மரப்பலகையின் மீது முளைகள் கொண்ட இரப்பரை ஒட்டும் முறை வந்தபின் தோல் மட்டைகள் மறைந்தன. இரப்பர் பந்தைப் பற்றிச் சுழற்றியது. தோலால் அவ்வாறு செய்ய இயலவில்லை. முதற்பெரும் மாற்றமே மேற்பரப்பில் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பம்பாய், 1952

19ஆவது உலக மேசைப்பந்தாட்டப் போட்டி 1952 பெப்ரவரியில் பம்பாயில் நடைபெற்றது. ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி இதுவே. அதுவரை பெரும்பாலும் அங்கேரி, செக்கோசிலோவாக்கியா, இங்கிலாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளின் களமாக இருந்த இவ்விளையாட்டில், முதன்முறையாகக் கலந்துகொண்ட ஜப்பான் அணியில் ஹிரோஜி சாத்தோ என்பவரும் இருந்தார். மூக்குக்கண்ணாடி அணிந்த, மெலிந்த தோற்றமுடைய அவரைப் பட்டம் வெல்லக்கூடியவராக எவரும் எண்ணவில்லை.

அவருடைய பலகையின் மீது முளை இரப்பருக்கு மாறாகத் தடித்த நுரைப்பஞ்சு ஒட்டப்பட்டிருந்தது. அதன் விளைவு இருவகையானது. ஒன்று, பந்து பஞ்சினுள் அமுங்கி, சற்றுத் தாமதித்து, எதிராளி எதிர்பார்த்ததைவிட விரைவாக வெளிவந்தது. மற்றொன்று ஒலி சார்ந்தது. முளை இரப்பரில் பந்து படும்போது எழும் ஓசையைக் கொண்டே எதிராளியின் அடியின் வலிமையை அக்கால ஆட்டக்காரர்கள் கணித்தனர். நுரைப்பஞ்சு ஓசை எழுப்பவில்லை. கண்ணும் காதும் சேர்ந்து பல்லாண்டுகளாகப் பழகிய ஒரு கணக்கு ஒரே வாரத்தில் பொய்த்துப்போயிற்று. இறுதி ஆட்டத்தில் அங்கேரியின் யோசெப் கோட்சியானை வென்று சாத்தோ உலக வாகையர் ஆனார். ஆடவர் இரட்டையர், மகளிர் இரட்டையர், மகளிர் குழு ஆகிய பட்டங்களையும் ஜப்பான் வென்றது.

பம்பாயில் சாத்தோவிடம் தோற்றவர்களுள் அமெரிக்காவின் மார்ட்டி ரீசுமன் ஒருவர். பட்டம் வெல்லும் வாய்ப்புள்ளவராகக் கருதப்பட்ட அவர், வாழ்நாள் முழுவதும் நுரைப்பஞ்சை எதிர்த்துவந்தார். பழைய முளை இரப்பர் மட்டைக்கென நடத்தப்பட்ட அமெரிக்கத் தேசியப் போட்டியை 1997இல், தமது 67ஆவது அகவையில் வென்றார்.

சாத்தோ வென்றாரா, அவருடைய மட்டை வென்றதா என்னும் கேள்வி அன்றே எழுந்தது. அவர் மீண்டும் ஒற்றையர் உலகப் பட்டம் வெல்லவில்லை என்பதை மட்டையின் பக்கம் நிற்போர் சுட்டுவர். ஆனால் அதே மட்டையை வேறு எவரும் எடுத்து வந்திருக்கலாம். விதியில் தடை இல்லை. அதனைத் துணிந்து பயன்படுத்திப் பழகியதும் ஆட்டக்காரரின் திறமைதான் எனக் கொள்வதே நியாயம். 1954இல் இச்சிரோ ஓகிமுரா நுரைப்பஞ்சு மட்டையுடன் உலகப் பட்டம் வென்றபோது, அது ஒருவரின் தந்திரம் என்னும் வாதம் வலுவிழந்தது.

ஓசையற்ற பஞ்சு குறித்து நீண்ட விவாதம் நடந்தது. இறுதியில் 1959இல் இரப்பர் மேலுறை இல்லாத வெறும் நுரைப்பஞ்சு தடைசெய்யப்பட்டு, மேலே கூறப்பட்ட தடிமன் வரம்புகள் வகுக்கப்பட்டன. இன்று உலகெங்கும் பள்ளிகளில் பயன்படும் மட்டைகளின் உறை அந்த 1959ஆம் ஆண்டு உடன்பாட்டின் விளைவே ஆகும்.

உறையால் வந்த பிற மாற்றங்கள்

இருபுறமும் ஒரே நிறத்தில், ஆனால் வெவ்வேறு தன்மையுள்ள உறைகளை ஒட்டி, ஆட்டத்தின் நடுவே மட்டையைச் சுழற்றி எதிராளியைக் குழப்பும் முறை பின்னர் பரவியது. 1980களில் இரு பக்கங்களும் வெவ்வேறு நிறத்தில் இருத்தல் வேண்டும் என விதி வந்ததற்கு இதுவே காரணம். சுழற்சியைக் கூட்டிய, கரைப்பான் கலந்த பசைகள் 2008 பெய்சிங் ஒலிம்பிக்கிற்குப் பின் விலக்கப்பட்டன.

இந்தியாவில் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு மணிகா பத்ரா. 2018 கோல்டு கோஸ்ட் பொதுநலவாயப் போட்டிகளில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்ற முதல் இந்தியரான இவர், பின்கை அடிக்கு நீண்ட முளைகளுடைய உறையைப் பயன்படுத்துபவர். நீண்ட முளைகள் பந்து படும்போது வளைந்துகொடுப்பதால், எதிராளி அனுப்பிய சுழற்சி ஏறத்தாழ அப்படியே, அவர் பார்வையில் தலைகீழாகத் திரும்பிச் செல்கிறது. இவ்வுறையின் பயனை எதிராளியின் தவறுகளைக் கொண்டே எண்ணிவிடலாம்.

அறுகோணப் பலகை

வெளிக்கோட்டை மாற்றிய மட்டைகளுள் மிகுந்த புகழ் பெற்றது, சுவீடனின் ஸ்டிகா நிறுவனம் 2021இல் வெளியிட்ட 'சைபர்ஷேப்'. பலகையின் மேற்பகுதி அகன்றும், கைப்பிடியை நோக்கிக் குறுகியும், ஓரங்கள் ஏறத்தாழ நேர்கோடுகளாகவும் அமைந்திருப்பதால் அது அறுகோணம் போல் தோன்றும். அவ்வாண்டு ஹூஸ்டன் உலகப் போட்டியில் 19 அகவையான ட்ரூல்ஸ் மோரேகார்து இம்மட்டையுடன் இறுதி ஆட்டம் வரை முன்னேறி, சீனாவின் ஃபான் சென்டோங்கிடம் தோற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த வாங் சூச்சினைத் தொடக்கச் சுற்றொன்றிலேயே வென்று, மீண்டும் இறுதியில் ஃபானிடமே தோற்று வெள்ளி பெற்றார். இரு இறுதி ஆட்டங்களிலும் வென்றது வழக்கமான வடிவ மட்டை.

பாரிசில் வாங் தோற்ற ஆட்டத்தில் இன்னொரு மட்டையின் கதையும் உண்டு. முந்தைய நாள் கலப்பு இரட்டையரில் தங்கம் வென்ற கொண்டாட்டத்தின்போது, புகைப்படக்காரர் ஒருவரின் காலில் மிதிபட்டு வாங்கின் முதன்மை மட்டை உடைந்தது. அவர் மாற்று மட்டையுடன் ஆட நேர்ந்தது. தோல்விக்கு அதுவே காரணம் என அவர் கூறவில்லை. ஆயினும் கைக்குப் பழகிய மட்டை எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்னும் பேச்சு உலகெங்கும் எழுந்தது.

இயற்பியல்

பந்து பட்டால் கையில் அதிர்வு குறைவாக உணரப்படும் இடம் ஒவ்வொரு மட்டையிலும் உண்டு. ஆட்டக்காரர்கள் அதனைச் 'சுவீட் ஸ்பாட்' என்பர். மேற்பகுதியை அகலமாக்கினால், அங்கே பந்தைச் சந்திக்கும் பரப்பு கூடுகிறது என்பது உண்மையே. இதற்கு ஒரு விலையும் உண்டு. சுழலும் பொருளின் நிலைமத் திருப்புத்திறன், நிறையையும் சுழலச்சிலிருந்து அது உள்ள தொலைவின் இருமடியையும் பெருக்கிக் கிடைப்பது. கையிலிருந்து 8 செ.மீ. தொலைவில் உள்ள 4 கிராம் மரத்தை 16 செ.மீ. தொலைவுக்கு நகர்த்தினால், அந்த 4 கிராமின் பங்கு நான்கு மடங்காகும். மட்டை தலைப்பாரமாகும், ஓங்கி அடிக்கையில் வலிமை கூடும், மேசையருகே விரைந்து திருப்புகையில் மணிக்கட்டு களைக்கும். உட்குழிவான கைப்பிடி இதற்கு இணையான மாற்றத்தையே வேறு வழியில் செய்கிறது. பிடியில் எடை குறைவதால் சமநிலை தலைப்பக்கம் நகர்கிறது.

எனினும் அளவை நினைவில் கொள்ள வேண்டும். பலகை பொதுவாக 85 முதல் 90 கிராம் எடை கொண்டது. ஒவ்வொரு பக்க உறையும் 45 கிராமுக்கு மேல் இருக்கும். ஒரே பெயரில் விற்கப்படும் இரு உறைகளிடையே இரண்டு மூன்று கிராம் வேறுபாடு காணப்படுவது இயல்பு. பலகையின் வெளிக்கோட்டால் வரும் வேறுபாட்டை இச்சிறு வேறுபாடே ஈடுசெய்துவிடலாம். இதனைக் கூறும் விளம்பரம் அரிது.

கார்பன் இழைப் படலத்தின் நிலை இடைப்பட்டது. அது பலகையின் விறைப்பைக் கூட்டி, ஓரத்தில் பட்ட பந்தும் வேகத்துடன் செல்ல உதவுகிறது. உயர்நிலை ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் அதனை ஏற்றுக்கொண்டுள்ளனர். கூட்டமைப்பும் அதற்கு வரம்பு வகுக்க நேர்ந்தது. இதனைப் புத்தாக்கம் எனவே கொள்ள வேண்டும்.

வடிவத்துடன் பிடி முறையும் சேர்ந்து மாறும்போது பயன் தெளிவாகிறது. ஹினோக்கி என்னும் ஜப்பானிய மரத்தின் ஒரே தடித்த துண்டில் செய்யப்படும் பேனாப்பிடி மட்டை கைகுலுக்கல் பிடிக்கு உதவாது. ஆனால் அவ்வகை மட்டையுடன் 2004 ஏதென்சு ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் ரியூ சியுங்-மின் தங்கம் வென்றார்.

சென்னையில் ஒரு ஒப்புமை

துடுப்பாட்டத்திலும் இத்தகைய நிகழ்வு உண்டு; தமிழக வாசகர்கள் பலர் அதனை நினைவில் வைத்திருப்பர். 2010 ஐபிஎல் பருவத்தில் சென்னை சூப்பர் கிங்சு அணியின் மேத்யூ ஹைடன், குட்டையான பலகையும் நீண்ட கைப்பிடியும் கொண்ட 'மங்கூஸ்' மட்டையைக் கையிலெடுத்தார். தில்லி அணிக்கு எதிராக 43 பந்துகளில் 93 ஓட்டங்கள் குவித்த நாளில் அம்மட்டை நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் வழக்கமான மட்டையுடன் 2009 பருவத்தில் 572 ஓட்டங்கள் எடுத்திருந்த ஹைடன், 2010இல் எடுத்தவை 346. அந்தக் குறைவு முழுவதையும் மட்டையின் மேல் ஏற்ற இயலாது. அவர் எல்லா ஆட்டங்களிலும் அதனைப் பயன்படுத்தவும் இல்லை. எவ்வாறாயினும் முன்னணி ஆட்டக்காரர்களிடையே அது வேரூன்றவில்லை. அதனை எதிர்கொள்ளப் பந்துவீச்சாளர்கள் புதிய உத்தி எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. பம்பாயில் சாத்தோவின் பஞ்சை எதிர்கொண்டவர்களின் நிலை வேறு. அவர்கள் ஆட்டத்தையே புதிதாகக் கற்க நேர்ந்தது.

மட்டை வாங்கும் மாணவர்களுக்கு

மாணவர் ஒருவரிடம் உள்ள தொகை பெரும்பாலும் ஒரு மட்டைக்கே போதுமானது. இழை சேர்க்காத ஐந்தடுக்கு மரப்பலகையும் பட்டியலில் உள்ள புதிய உறைகளும் அத்தொகைக்கு மிகுந்த பயன் தருபவை. புதுமையான வடிவப் பலகைக்கே தொகை முழுவதையும் செலவிட்டுவிட்டு, வழவழப்பும் பற்றும் தேய்ந்த பழைய உறையை அதில் ஒட்டி ஆடுவது எதிர்மாறான பலனையே தரும். அறுகோணப் பலகைக்கு உறையை வெட்டுவோர் அதன் மூலைகளில் கவனம் கொள்ள வேண்டும். உறை பலகையின் விளிம்பு வரை வரவேண்டும், விளிம்பைத் தாண்டவும் கூடாது என்பது விதி. வடிவத்தைக் கண்டு எதுவும் கூறாத நடுவர், மூலையில் உறை குறைந்திருந்தால் மட்டையை விலக்கி வைக்கக்கூடும்.