மாதம் நூறு ரூபாய்க்கு ஒரு மாரத்தான்

“நீங்க ஓடுறதுக்கு நாங்க ஏன் டீச்சர் பணம் கொடுக்கணும்?”

எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நன்கொடைக்காக ஓடுகிற எல்லாரையும் எப்போதாவது வந்தடைகிற கேள்வி இது. ரத்த தானம் செய்தால் ஒருவருக்கு ரத்தம் போகிறது. அன்னதானம் செய்தால் ஒருவர் பசியாறுகிறார். ஒருத்தி 42 கிலோமீட்டர் ஓடினால் யாருக்கு என்ன போய்ச் சேர்கிறது?

நான் திருவல்லிக்கேணியில் வசிக்கிறேன். நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாற்பது வயதுக்கு மேல்தான் ஓடத் தொடங்கினேன். முழு மாரத்தானை ஐந்தரை மணி நேரத்தில் முடித்தால் எனக்கு அது நல்ல ஓட்டம். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்காக ஓடுகிறேன். அந்த நோய் என்னவென்று எனக்குப் புரிய வைத்தவள் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்த ஒரு சிறுமி.

ஈர மணலுக்குள் மருந்து

அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஒருமுறை போயிருந்தபோது அவள் அம்மா ஒரு மூலையைக் காட்டினார். வெயில் எட்டாத இடத்தில் வாயகன்ற மண்சட்டி. சட்டி நிறைய ஈர மணல். மணலுக்கு நடுவில் கழுத்துவரை புதைத்த சின்னப் பானை. அதற்குள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் இன்சுலின் குப்பி. பானை வாயை நனைத்த துணி மூடியிருந்தது. மணலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் உள்ளே சூடு இறங்கும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

“நான் மறந்தாலும் இவ மறக்க மாட்டா மிஸ். தண்ணி தெளிச்சுட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கே கிளம்புவா” என்றார் அம்மா.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். திறந்த பிறகு பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் வரை வெளியில் தாங்கும், ஆனால் அறையில் சூடு அதிகம் இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அப்படி ஓர் அறை ஏது? ஏழை வீடுகளில் அந்த வேலையை மண்பானைதான் செய்கிறது.

இந்தக் குழந்தைகளின் பெற்றோர் நோயோடு சேர்த்துப் பழியையும் சுமக்கிறார்கள். “சின்னதுல நிறைய ஸ்வீட் கொடுத்திருப்பீங்க” என்று உறவுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மாத்திரையால் அதை ஈடுகட்ட முடியாது. நாளைக்கு மூன்று, நான்கு ஊசி, வாழ்நாள் முழுக்க. 1921-இல் டொராண்டோவில் பிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டான். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகள் அதிக நாள் பிழைத்ததில்லை.

இன்சுலின் கிடைத்தால் வாழ்க்கை முடங்கிப் போவதில்லை. கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997-இல் இந்த நோய் இருப்பது தெரிந்தது. அதன் பிறகும் ஊசி போட்டுக்கொண்டே பந்து வீசி, 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளின் 500-ஆவது விக்கெட்டை எடுத்தார். அவருக்கு வாய்த்த மருந்தும் கவனிப்பும் மண்பானை வீட்டுக் குழந்தைக்கும் வாய்க்க வேண்டும். என் கவலையெல்லாம் அதுதான்.

முப்பதாவது கிலோமீட்டர்

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கலோரி செலவாகும். மொத்தத் தூரத்துக்கு 2,500 கலோரிக்கு மேல் வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் சர்க்கரையாகச் சேர்த்து வைத்திருப்பது சுமார் 2,000 கலோரிதான். மிச்சத்தைக் கொழுப்பு தரும், ஆனால் மெதுவாகத் தரும். அதனால்தான் முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கும் கால் கனக்கிறது, தலை லேசாகிறது. 42-இல் 33 போனால் மீதி எவ்வளவு என்பதற்கே எனக்கு யோசிக்க வேண்டியிருக்கும். வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு என்று வழியெல்லாம் எடுத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

சர்க்கரை குறையும்போது அந்தச் சிறுமி கரும்பலகையை வெறித்துப் பார்ப்பாள். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. என் களைப்பும் அவளுக்கு நேர்வதும் ஒன்றல்ல. எனக்கு உடம்பே இன்சுலினைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்கிறது. அவளோ சாப்பிடும் இட்லி, ஆடும் கபடி, வரும் காய்ச்சல் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஊசி அளவைத் தீர்மானிக்க வேண்டும். கணக்கு தப்பினால் மயக்கம். எனக்கு முப்பதாவது கிலோமீட்டர் வருடத்தில் ஓரிரு முறை வரும். அவள் தினமும் அதன் விளிம்பிலேயே நடக்கிறாள்.

கேட்பதற்கு ஒரு காரணம்

டீச்சர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஓட்டத்திலிருந்து அந்தக் குழந்தைக்கு நேராக எதுவும் போவதில்லை. மாரத்தானுக்கு நாம் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் பெரும்பகுதி சாலை ஏற்பாடு, தண்ணீர், மருத்துவ உதவி என்று செலவாகிவிடும். நன்கொடையைத் தனியாகத் திரட்ட வேண்டும். ஓட்டம் எனக்கு ஒரு பேச்சைத் தொடங்கிக் கொடுக்கிறது.

ஒரு முழு மாரத்தானுக்கு நான்கு மாதப் பயிற்சி வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியலுக்கு முன்பே கலங்கரை விளக்கத்திலிருந்து கிளம்பி, சாந்தோம், அடையாறு பாலம், பெசன்ட் நகர் என்று ஓடித் திரும்புவோம். வாரம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி 32 கிலோமீட்டர் வரை போவோம். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? நொச்சிக்குப்பத்தில் காசிமேட்டுக்குப் போக ஆட்டோவுக்கு நிற்கும் மீன்கார அம்மா ஒருநாள் நிறுத்திக் கேட்டார்: “இன்னாத்துக்கும்மா இம்மாந்தூரம் ஓடுற?” நின்று சொன்னேன். மறுவாரம் ஐம்பது ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்து நீட்டினார். முன்பின் தெரியாதவரிடம் நானாகப் போய்க் கை நீட்டியிருந்தால் இது நடந்திருக்காது. ஓடும்போது அவர்களே வந்து கேட்கிறார்கள், நான் சொல்கிறேன்.

இந்த உண்மையை உலகத்துக்குக் காட்டியவர் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977-இல், 18 வயதில் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி செயின்ட் ஜான்ஸ் நகரில் கிளம்பி, செயற்கைக் காலோடு ஏறக்குறைய நாளுக்கு ஒரு மாரத்தான் தூரம் ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டம் நின்றது. கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தாருங்கள் என்பதுதான் அவர் கேட்டது. 1981 ஜூனில் இறப்பதற்கு முன்பே 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அவர் பெயரால் 1981 செப்டம்பரில் தொடங்கிய ஓட்டம் இன்றும் ஆண்டுதோறும் பல நாடுகளில் நடக்கிறது. புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் வந்துகொண்டே இருக்கிறது.

அந்தத் தொடர்ச்சியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மாரத்தான் ஒரு காலையில் முடிந்துவிடும். இன்சுலின் தேவை முடிவதில்லை. ஆகவே நான் யாரிடமும் மொத்தமாக ஆயிரம், இரண்டாயிரம் கேட்பதில்லை. மாதம் நூறு ரூபாய், ஒரு வருடத்துக்கு. பணத்தை நான் கையில் வாங்குவதும் இல்லை. டைப் 1 குழந்தைகளுக்கு உதவும் அறக்கட்டளைகள் இருக்கின்றன. கோவையின் ‘இதயங்கள்’ அறக்கட்டளை அவற்றில் ஒன்று. பணம் நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், கொடுத்தவருக்கு ரசீது வர வேண்டும். மீன்கார அம்மாவின் ஐம்பதுக்கும் அவர் மகன் போனிலிருந்தே வழி செய்தோம்.

இருபத்து நான்கு பேர்

அரசு மருத்துவமனையில் இன்சுலின் கிடைக்கிறது. ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்பைத்தான் பெரும்பாலும் வெளியில் வாங்க வேண்டியிருக்கிறது. ஒன்று ஏறக்குறைய 20 ரூபாய். நாளைக்கு நான்கு முறை பார்த்தால் 80 ரூபாய், மாதத்துக்கு 2,400. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் நான்கு முறை இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். அங்கேதான் ஊசிக் கணக்கு தவறத் தொடங்குகிறது.

பணம் கொடுக்க முடியாதவர்களும் செய்யக்கூடியது உண்டு. உங்கள் வகுப்பில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் பையில் சர்க்கரை வைத்துக்கொள்ள விடுங்கள். நடுக்கமும் வியர்வையும் வந்து அளவு 70-க்குக் கீழே போயிருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரை குறைந்த குழந்தையைத் தனியாக வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

கொடுக்க முடிந்தவர்களுக்கு என் கணக்கு எளியது. மாதம் நூறு ரூபாய் தரும் 24 பேர் சேர்ந்தால் ஒரு குழந்தையின் ஸ்டிரிப் செலவு தீர்ந்தது. டெர்ரி ஃபாக்ஸுக்கு ஒரு நாடே தேவைப்பட்டது. நமக்கு ஓர் ஆசிரியர் அறையும் ஒரு தெருவும் போதும்.