கண்ணாடி விரியன் கடியும் சிறுநீரகப் பாதிப்பும்

கண்ணாடி விரியன் கடியினால் ஏற்படும் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு என்பது, இப்பாம்பின் நஞ்சு உடலில் பரவியபின் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் சிறுநீரகங்கள் குருதியை வடிகட்டும் திறனை இழப்பதாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் வயல்வேலை செய்வோர் பெரிதும் இதற்கு ஆளாகின்றனர். நாகம், கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு முதன்மையாக நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கண்ணாடி விரியனின் நஞ்சோ குருதியையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது.

பாதிப்பு ஏற்படும் விதம்

நஞ்சிலுள்ள நொதியங்கள் குருதி உறைதலுக்கான 5ஆம், 10ஆம் காரணிகளைத் தூண்டிவிடுகின்றன. நாளங்களுக்குள் நுண்ணிய உறைகட்டிகள் தோன்ற, உறைதலுக்குத் தேவையான ஃபைபிரினோசன் தீர்ந்துபோகிறது. அதன்பின் குருதி உறைவதில்லை. குருதியழுத்த வீழ்ச்சி, சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளியேறும் ஈமோகுளோபின், நஞ்சின் நேரடித் தாக்கம் ஆகியனவும் சேர்ந்து சிறுநீரக நுண்குழாய்களைச் சிதைக்கின்றன. நுண்குழாய்கள் மட்டும் சிதைந்தால் அவை பெரும்பாலும் சில வாரங்களில் மீள்கின்றன. சிறுநீரகத்தின் புறணிப் பகுதி இறந்துவிட்டால் முழுமையாக மீள்வது அரிது.

முன்னறிகுறிகள்

கடிவாயின் வீக்கத்தைக் கொண்டு சிறுநீரகத்தின் நிலையைக் கணிக்க இயலாது. கவனிக்க வேண்டியது சிறுநீரின் அளவே. வளர்ந்தவர்களில் அது நாளொன்றுக்கு 400 மி.லி.க்குக் குறைவது தெளிவான அறிகுறி; எனினும் அதை அறிய ஒரு நாள் முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. உடல் எடையில் கிலோவொன்றுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்கும் குறைவாக 6 மணி நேரம் சிறுநீர் பிரிந்தாலே பாதிப்பு தொடங்கிவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 180 மி.லி., அதாவது ஏறத்தாழ ஒரு தம்ளர். அளவுக் குறியிட்ட எளிய பாத்திரமே இதை அளக்கப் போதும்.

சிறுநீர் சிவந்தோ கடுந்தேநீர் நிறத்திலோ கழிதல், விலாவிற்குக் கீழே இடுப்புப் பகுதியில் வலி, ஈறுகளில் குருதிக் கசிவு ஆகியனவும் எச்சரிக்கைகளே. வாந்தி, வயிற்றுவலி ஆகியவற்றை அச்சத்தின் விளைவென்று ஒதுக்கிவிடுவதுண்டு. உண்மையில் அவை நஞ்சு உடலெங்கும் பரவியதன் அடையாளங்களாக இருக்கலாம். கண்ணிமைகள் உப்பினால், நுண்குழல் நாளங்களிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள்.

குருதியில் கிரியாட்டினின் அளவு தாமதமாகவே உயரும். ஆகவே முதல் நாள் சோதனை இயல்பாக இருப்பதைக் கொண்டு ஆபத்து நீங்கியதாகக் கருதக்கூடாது. 48 மணி நேரத்திற்குள் அது டெசிலிட்டருக்கு 0.3 மி.கி. உயர்ந்தாலும் பாதிப்பே.

இதற்கும் முன்னதாகவே நஞ்சின் வேலையைக் காட்டுவது 20 நிமிடக் குருதி உறைதல் சோதனை. உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. குருதியை அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் உறைதல் குலைந்துள்ளது. சோப்பு கொண்டு கழுவிய குழாயும் நெகிழிக் குழாயும் தவறான முடிவைத் தரும்.

சிகிச்சை

நச்சுமுறி மருந்து குருதியில் சுற்றும் நஞ்சை முறிக்குமேயன்றி, ஏற்கெனவே சிதைந்த சிறுநீரகத்தைச் சீராக்காது. முதல் சில மணி நேரம் முக்கியமாவது இதனால்தான். இந்தியாவில் இம்மருந்தைத் தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதியை, சென்னைக்கு அருகில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வந்துள்ளது. ஆனால் இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியிலும் வாழும் மேட்டுமூக்குக் குழிவிரியனின் நஞ்சை இந்தியப் பன்முக நச்சுமுறி முறிப்பதில்லை. அதன் கடியும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகள் சிறுநீரகத்திற்கும் குருதிப் பெருக்கிற்கும் மேலும் கேடு செய்வதால் தவிர்க்கப்படுகின்றன. சிறுநீர் நின்று, குருதியில் பொட்டாசியம் ஏறினால் டயாலிசிஸ் தேவைப்படும். குணமடைந்தோர் சிலருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் பின்னர் தோன்றுவதால், வீடு திரும்பிய பின்னரும் கிரியாட்டினின், குருதியழுத்தம், சிறுநீர்ப் புரதம் ஆகியன பல மாதங்களுக்குச் சோதிக்கப்படுகின்றன.