கடல் அடைபட்டால் மலைமிளகுக்கு யார் பொறுப்பு?

கொல்லிமலையில் மிளகும் காப்பியும் விளைவிப்பவர்களுக்கு, மூட்டையை வியாபாரியிடம் எடைபோட்டுக் கொடுத்துப் பணம் வாங்கியதும் வேலை முடிந்தது. ஆனால் விவசாயிகள் ஒன்றுசேர்ந்து நேரடியாக ஏற்றுமதி செய்ய இறங்கினால், செங்கடல் சண்டையும் அவர்கள் கணக்கில் வந்துவிடும்.

2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' கப்பலைக் கைப்பற்றினார்கள். அதன்பின் சண்டையில் சேராத நாடுகளின் கப்பல்களும் அடிபட்டன. 2024 ஜனவரியில் 'மார்லின் லுவாண்டா' கப்பல் தாக்கப்பட்டுத் தீப்பற்றியபோது அதில் 22 இந்தியர்கள் இருந்தார்கள்; தீயணைக்க நம் கடற்படையின் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் ஓடியது. ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் ஏறக்குறைய 10 முதல் 14 நாள் நீண்டது, வாடகையும் ஏறியது.

செங்கடலின் வாயில் போன்ற பன்னாட்டு நீரிணைகளில் கப்பல் கடந்துபோவதைத் தடுக்கக் கூடாது என்கிறது 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. அந்த உரிமை பெரியது. ஆனால் மூழ்கிய மிளகுக்கு அது பணம் தராது. போர்ச் செயலால் வந்த இழப்புக்குக் கப்பல் கம்பெனியும் பொறுப்பேற்காது.

ஆகவே இன்சூரன்ஸ் பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். 'எல்லா ஆபத்தும்' என்று சொல்லி விற்கப்படும் சரக்குக் காப்பீட்டிலும் போர் விலக்கப்பட்டிருக்கும். போர்க் காப்பீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் சரக்கு கப்பலில் இருக்கும்வரைதான். இன்சூரன்ஸ் கம்பெனி 7 நாள் முன்னறிவிப்புடன் அதை நிறுத்தலாம். அந்தக் கெடு முடியுமுன் காப்பு தொடங்கிய சரக்குக்குப் பாதிப்பில்லை. தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு இந்த இரண்டு காப்பீட்டிலும் ஈடு கிடையாது.

விலை பேசும்போதே கவனம் வேண்டும். சி.ஐ.எஃப். என்று ஒப்புக்கொண்டால் கப்பல் வாடகை உங்கள் தலையில். திடீரென்று ஏறும் போர்க்கால மேல்கட்டணமும் பெரும்பாலும் உங்களைத்தான் சேரும். புதிதாக இறங்குபவர்கள் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றும்வரையான செலவு மட்டும் உங்களுடையது என்ற விலையில், நிற்பதே நல்லது என்பேன்.

ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் மத்திய அரசின் இ.சி.ஜி.சி. நிறுவனத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வாங்கியவர் பணம் தராவிட்டாலும், போரால் பணம் நின்றாலும், கப்பல் திசைமாறியதால் வந்து வாங்குபவரிடம் வசூலிக்க முடியாத கூடுதல் வாடகைக்கும் அதன் பாலிசிகளில் பாதுகாப்பு உண்டு. சரக்கு புறப்படுமுன் எடுத்திருக்க வேண்டும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லையென்றாலோ, தனிநபரும் குறுந்தொழில் நிறுவனங்களும் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.