பிரேக் பிடிக்கும் டோபமைன்

டோபமைன் என்றாலே ‘ஜாலி கெமிக்கல்’ என்று பெயராகிவிட்டது. ஆனால் மூளையின் அடிப்பகுதியில், ஹைபோதாலமஸில், அதற்கு வேறு உத்தியோகம். அங்கிருந்து பொடி ரத்தக்குழாய்கள் வழியே பிட்யூட்டரிக்கு இறங்கி, ‘புரோலாக்டினை ரொம்ப விடாதே’ என்று சதா பிரேக் போட்டுக்கொண்டிருக்கும். புரோலாக்டின்? தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். சிரிக்காதீங்க சார், நமக்கும் உண்டு!

பி.காம். படித்த எனக்குப் பிடித்தது இதன் கணக்குமுறைதான். புரோலாக்டின் ஏறினால், அதுவே ஹைபோதாலமஸுக்குப் போய் டோபமைனைக் கூட்டச் சொல்லும். தன் கணக்குக்குத் தானே ஆடிட்டர்! (எந்த ஆபீசில் நடக்கும்?) பால் கொடுக்கும் தாய்க்கு மட்டும் ஆடிட்டில் சலுகை.

வில்லங்கம் மெடிக்கல் ஷாப்பில். ராத்திரி பரோட்டா, காலையில் நெஞ்செரிச்சல். ‘கேஸுக்கு ஒண்ணு குடுங்க’ என்று வாங்கும் கேப்ஸ்யூல்கள் பலவற்றில் டோம்பெரிடோன் கலந்திருக்கும். பிட்யூட்டரியில் டோபமைன் உட்கார வேண்டிய ஸீட்டில் அது துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். பிரேக் போச்சு, புரோலாக்டின் ஏறும். சிலருக்கு ‘அந்த’ ஆசை குறையும், மார்பு வீங்கும், அபூர்வமாகப் பால்கூடக் கசியும். ஆண்களைத்தான் சொல்கிறேன். வெட்கப்பட்டு மறைக்காமல், மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் போங்கள். மாத்திரைதான் காரணமென்றால், நிறுத்தியதும் புரோலாக்டின் பெரும்பாலும் சில நாளில் இறங்கிவிடும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பெயர் இருக்கும். கண்ணாடி போட்டுத் தேடுங்கள்.