காலடி ஓசையை விழுங்கும் மணல்... 290 ஆண்டுகளைக் கடந்த கரீபியன் யூத ஆலயம்!

மேலே பளபளக்கும் பித்தளைச் சரவிளக்குகள். சுற்றிலும் மஹோகனி மர வேலைப்பாடு. ஆனால் கீழே பார்த்தால், தரை முழுக்க மணல்!

கட்டட வேலை பாதியில் நின்றுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே பரப்பிய மணல்தான் அது. வெனிசுலாவுக்கு வடக்கே உள்ள குராசோ தீவின் தலைநகர் வில்லெம்ஸ்டாட்டில் இருக்கிறது, 'மிக்வே இஸ்ரேல் - இம்மானுவேல்' ஆலயம். 1732-ல் திறக்கப்பட்ட இதுதான், அமெரிக்கக் கண்டங்களில் இன்றுவரை தொடர்ந்து வழிபாடு நடக்கும் மிகப் பழைமையான யூத ஆலயம். உள்ளூர்க்காரர்களுக்கு இது 'ஸ்னோவா'.

உயிருக்குப் பயந்து ஓடியவர்கள்

1492-ல் ஸ்பெயின் தன் நாட்டு யூதர்களை வெளியேற்றியது. 1497-ல் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாய மதமாற்றம் செய்தது. வெளியே கிறிஸ்தவர், வீட்டுக்குள் யூதர் என்று பலர் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார்கள். பிடிபட்டால் சமய விசாரணை, சித்திரவதை, மரணம்கூட. தப்பியவர்களில் பலருக்கு ஆம்ஸ்டர்டாம் அடைக்கலம் தந்தது.

டச்சுக்காரர்கள் 1634-ல் குராசோவைக் கைப்பற்றினார்கள். 1651-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து யூதக் குடும்பங்கள் இங்கே குடியேறின. கடல் வணிகத்தில் செழித்தார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. இந்தத் துறைமுகம் அடிமை வணிகத்தின் பெரிய மையம். அதில் யூத வணிகர்கள் சிலருக்கும் பங்கு இருந்தது.

தூண்களுக்கும் பெயர் உண்டு

1675-ல் கட்டப்பட்ட ஆம்ஸ்டர்டாம் போர்ச்சுகீசிய யூத ஆலயமே இதற்கு முன்மாதிரி. மஞ்சள் சுவர், வளைந்த முகப்பு என்று வெளித்தோற்றம் அப்படியே டச்சு பாணி. உள்ளே நான்கு பெரிய தூண்கள். யூத குலத்தின் தாய்மார்களான சாராள், ரெபேக்காள், லேயாள், ராகேல் ஆகியோரின் பெயர்கள் அவற்றுக்கு. நீலக் கண்ணாடி ஜன்னல்கள் வழியே வெயில் குளிர்ந்து இறங்குகிறது.

மணல் எதற்கு?

மோசேயுடன் முன்னோர் 40 ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்ததன் நினைவு என்கிறார்கள். ஆபிரகாமின் சந்ததி கடற்கரை மணலைப் போலப் பெருகும் என்ற வாக்குறுதியையும் சொல்கிறார்கள். மூன்றாவது காரணம்தான் மனதைத் தைக்கிறது. ரகசியமாக வழிபட்ட நாள்களில், காலடி ஓசை வெளியே கேட்காமலிருக்க மணல் பரப்பினார்களாம்.

பிரிந்தார்கள், சேர்ந்தார்கள்

1864-ல் சீர்திருத்தம் வேண்டும் என்று ஒரு பிரிவினர் விலகி, 'இம்மானுவேல்' என்ற தனிச் சபை கண்டார்கள். சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1964-ல் இரண்டும் ஒன்றாயின. ஆலயத்தின் இரட்டைப் பெயருக்கு அதுதான் காரணம்.

அழியும் எழுத்துகள்

1997-ல் வில்லெம்ஸ்டாட்டின் பழைய நகரப் பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமானது. ஆனால், நகருக்கு வெளியே உள்ள 17-ம் நூற்றாண்டு யூதக் கல்லறைத் தோட்டத்துக்குச் சோதனை. பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகை பல பத்தாண்டுகளாக அரித்ததில், கல்லறைகளின் சிற்பங்களும் பெயர்களும் மழுங்கிவிட்டன. சிலவற்றின் நகல்கள் ஆலயத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தீவின் யூத மக்கள்தொகையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் வழிபாடு நிற்கவில்லை. கதவைத் திறந்துவைத்து, குரலெடுத்துப் பாடுகிறார்கள். காலடி ஓசைக்குப் பயப்பட வேண்டிய காலம் போய்விட்டது. மணலை மட்டும் அவர்கள் அகற்றவில்லை.