காசு எண்ணத் தெரிந்த கதாநாயகி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திருவொற்றியூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். காசிமேட்டில் மீன் வெட்டித் தருகிற வேலை அவருக்கு. விடியற்காலையில் கிளம்பினால் பத்து, பதினொன்றுக்குத் திரும்பிவிடுவார். ஞாயிறன்று மட்டும் கூட்டம் அதிகம் என்பதால் ஒரு மணி ஆகிவிடும். குளித்த பிறகும் விரல் நகங்களுக்குள் செதில் மினுமினுக்கும்.

டிவியில் ‘காக்கா முட்டை’ ஓடிக்கொண்டிருந்தது. ரயில் பாதையோரம் சிந்திய நிலக்கரியை இரண்டு பையன்கள் பொறுக்குகிற காட்சி. அக்காவின் கை நின்றது.

“நானுந்தான் பொறுக்குனேன் தம்பி, ராயபுரம் யார்டுல. ரயிலு குலுங்குனா கொஞ்சம் உதுரும். ஆளு வர்றதுக்குள்ள முந்தானையில வாரிக்கினு ஓடியாரணும்.”

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கரி புதிதில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் ராயபுரம் மொட்டை மாடிகளில் வெள்ளை வேட்டி உலர்த்த முடியாது. காயும்போதே சாம்பல் நிறம் ஏறிவிடும். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011இல்தான் கரி இறக்குவது அங்கே நின்று எண்ணூருக்குப் போனது. ராயபுரம் மூச்சு விட்டது, எண்ணூர் இரும ஆரம்பித்தது. அது வேறு கதை.

அக்கா பையன்களைப் பார்த்தது ஒரு நிமிடம்தான். பிறகு அவர் கண் முழுக்க அந்தப் பையன்களின் அம்மா மேல். புருஷன் ஜெயிலில். அவனை வெளியே எடுக்க வக்கீலுக்குக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கூலி வேலை, மாமியார், இரண்டு வால் பிள்ளைகள். அந்த அம்மாவாக நடித்தபோது ஐஸ்வர்யா ராஜேஷுக்கு வயது இருபத்து நான்கோ என்னவோ. தமிழ் சினிமாவில் அந்த வயதில் ஒரு நடிகை ‘ரெண்டு பிள்ளைக்கு அம்மா’ என்று ஒப்புக்கொள்வது, பரீட்சைக்கு முன்பே டி.சி. வாங்கிக்கொள்வது மாதிரி. அதற்குப் பிறகு அக்கா, அண்ணி வேடம்தான் வரும் என்பார்கள்.

அவருக்கு வரவில்லை. ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஐஸ்வர்யா பிறந்தது 1990 ஜனவரியில், சென்னையில். அப்பா ராஜேஷ் தெலுங்கில் கதாநாயகனாக நடித்தவர். தாத்தா அமர்நாத்தும் நடிகர். அத்தை ஸ்ரீலட்சுமி தெலுங்குப் படங்களில் பேர்போன நகைச்சுவை நடிகை. இப்படிச் சொன்னால் ஏதோ வாரிசு நடிகை, கார் வந்து பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டிருக்கும் என்று தோன்றும். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா இறந்துவிட்டார். மிஞ்சியது ஒரு ஹவுசிங் போர்டு வீடு, அம்மா, மூன்று அண்ணன்கள். அம்மா நாகமணி மும்பைக்குப் போய் மலிவு விலையில் புடவை வாங்கி வந்து விற்றார், எல்.ஐ.சி. ஏஜென்டாக அலைந்தார். வளர்ந்து வந்த அண்ணன்களில் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். 2020இல் திருச்சி ஐஐஎம்மில் நடந்த டெட்எக்ஸ் மேடையில் இதையெல்லாம் ஐஸ்வர்யாவே சொன்னார். அந்தப் பேச்சை லட்சக்கணக்கானவர்கள் பார்த்து அழுதார்கள். எனக்கு அழுகையைவிட அதில் வந்த தொகைகள்தான் மனதில் நின்றன.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நின்று சாக்லேட் சாஸ் விளம்பரம் செய்ததற்குச் சம்பளம் 225 ரூபாய். பிறகு பிறந்தநாள் விழாக்களில் மைக் பிடித்ததற்கு ஐந்நூறு, ஆயிரம். டிவி சீரியலில் ஒரு நாளைக்கு 1500. அதே சீரியலில் மற்றவர்களுக்கு இருபதாயிரத்துக்கு மேல் என்று பிறகுதான் தெரிந்ததாம். இத்தனை வருடம் கழித்து, பெரிய நடிகையான பிறகும், அந்த 225 என்பது ‘இருநூறு சொச்சம்’ என்று மங்கவில்லை. காசை எண்ணி வாங்கியவர்களுக்குத்தான் சில்லறை வரை ஞாபகம் இருக்கும். அக்காவைக் கேளுங்கள், பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கிலோ வஞ்சிரம் வெட்ட என்ன வாங்கினார் என்று, யோசிக்காமல் சொல்வார்.

டிவிதான் அவருக்கு முதல் கதவு. சன் டிவியில் ‘அசத்தப் போவது யாரு’ நிகழ்ச்சியின் தொகுப்பாளர். கலைஞர் டிவியின் ‘மானாட மயிலாட’ மூன்றாம் சீசனில் ஆடி ஜெயித்தவர். சின்னத்திரையிலிருந்து பெரிய திரைக்குத் தாவிய ஆண்கள் என்றால் சந்தானம், சிவகார்த்திகேயன் என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம். கதாநாயகியாகத் தாவிய பெண்களை எண்ணப் பார்த்தால் விரல் மடங்க மறுக்கும். டிவியில் தினமும் பார்த்த பெண்ணைக் காசு கொடுத்து தியேட்டரில் எவன் பார்ப்பான் என்பது கோடம்பாக்கத்துக் கணக்கு. நிறத்தைச் சொல்லி, நீ ஹீரோயின் முகம் இல்லை என்றார்களாம். நகைச்சுவை நடிகருக்கு ஜோடியாக வேண்டுமானால் போடுகிறேன் என்றும் ஒருவர் சொன்னாராம். சொன்னவர்கள் தமிழர்கள்தான், தமிழ்நாட்டு வெயிலில் நின்றுகொண்டுதான்.

2011இல் ‘அவர்களும் இவர்களும்’. அடுத்த வருடம் பா.இரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’யில் அமுதா என்ற சின்னப் பாத்திரம். ‘ரம்மி’, ‘பண்ணையாரும் பத்மினியும்’ என்று விஜய் சேதுபதியோடு இரண்டு. பிறகு எம்.மணிகண்டனின் ‘காக்கா முட்டை’. 2014 செப்டம்பரில் டொரன்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிட்டார்கள். நம்மூரில் 2015 ஜூனில் வந்தது. சிறந்த குழந்தைகள் படம், சிறந்த குழந்தை நட்சத்திரங்கள் என இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. ஐஸ்வர்யாவுக்குத் தமிழ்நாடு அரசின் சிறந்த நடிகை விருது.

அந்தப் படத்தில் ரேஷன் கடையில் அரிசி இருக்காது, இலவசக் கலர் டிவி இருக்கும். மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று. அந்த டிவியில்தான் பிட்சா விளம்பரம் வருகிறது, பையன்களுக்கு நாக்கு ஊறுகிறது. கடைசியில் பிட்சாவுக்கென்று கரி பொறுக்கிச் சேர்த்த காசு பாட்டியின் சாவுச் செலவுக்குப் போகிறது. இதில் ஐஸ்வர்யா ‘ஏழைத் தாய்’ ஆகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். நம் சினிமாவின் ஏழைத் தாய் கண்ணைக் கசக்குவாள், சாமி படத்தைப் பார்ப்பாள், வசனம் பேசுவாள். இந்தத் தாய்க்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவள் மனதில் ஏதோ ஒரு கூட்டல் கழித்தல் ஓடிக்கொண்டே இருக்கிறது: வக்கீலுக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, மீதி என்ன? நடிப்புப் பள்ளியில் கற்றுத்தருகிற விஷயமில்லை அது. அம்மா புடவை மூட்டையை இறக்கிவைத்துக் கணக்குப் பார்த்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இனி எங்கள் ஊர்ப் படத்துக்கு வருகிறேன். வெற்றிமாறனின் ‘வட சென்னை’ 2018 அக்டோபர் 17 அன்று வெளியானது. பத்மா பாத்திரத்துக்கு முதலில் பேசப்பட்டவர் சமந்தா, பிறகு அமலா பால். இருவரும் விலகிய பிறகே ஐஸ்வர்யா வந்தார். எனக்கென்னவோ படத்துக்கு அது நல்லதாகவே போயிற்று. கடைகள் சூறையாடப்படும் அமளியில்தான் பத்மாவை நாம் முதலில் பார்க்கிறோம். கதாநாயகி அறிமுகம் என்றால் காற்றில் கூந்தல் பறக்க வேண்டும். இங்கே அவள் வாயைத் திறந்ததும் வருவது பச்சையான வசவு. நான் பார்த்த தியேட்டரில் ஆண்கள் விசிலடித்தார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். இரண்டும் ஒரே சத்தம் இல்லை. விசில், ‘ஹீரோயினே பேசிட்டாடா’ என்கிற கிளுகிளுப்பு. சிரிப்பு, ‘நம்ம தெருவு’ என்கிற அடையாளம்.

வடசென்னைப் பாஷையை சினிமா ரொம்ப நாளாகக் காமெடியாகவும் ரவுடியாகவும் மட்டுமே வைத்திருந்தது. ‘இன்னா’, ‘கய்தே’, ‘பேஜாரு’ என்று நான்கு சொல்லை இழுத்துப் பேசினால் போதும் என்ற நினைப்பு. உண்மையில் இந்தப் பேச்சின் உயிர் சொல்லில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. காசிமேட்டில் ஏலம் விடுகிற வேகம், தண்ணி லாரியில் குடம் வைக்கிற வேகம். வசவுகூட இங்கே பல நேரம் கோபமில்லை, மூச்சு விடுகிற இடம். ஐஸ்வர்யா அதைச் சரியாகப் பிடித்தார். வசவை அழுத்திச் சொல்லாமல், வாக்கியத்தோடு வாக்கியமாக உருட்டிவிட்டுப் போனார். வீட்டில் தெலுங்கு பேசுகிற பெண் இதைப் பேசியதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் மெட்ராஸ் தமிழும் பேசுகிற குடும்பங்கள் எத்தனையோ.

குறையும் சொல்ல வேண்டும். அமீர், சமுத்திரக்கனி, கிஷோர், டேனியல் பாலாஜி என்று ஆண்கள் ஒருவரையொருவர் குத்திக்கொள்கிற கதையில் பத்மா நீண்ட நேரம் காணாமல் போகிறாள். கடலோரச் சாலைக்காக மீனவர் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்வதுதான் கதையின் அடிநாதம். அப்படி நிஜமாக நடக்கும்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் முதலில் வந்து உட்காருகிறவர்கள் யார்? பெண்கள்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததே, அதற்குப் பிறகு நாள்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தவர்களில் பெண்களே அதிகம். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டியபோது ஒரு திணறல் இல்லை, ‘அது வந்து’ என்ற இழுப்பு இல்லை. பத்மாக்கள் வரிசையாகப் பேசினார்கள். படத்தில் அவளை அவ்வளவு பேச விட்டிருக்கலாம்.

இன்னொன்று. ‘வட சென்னை’யில் வருகிற ராஜன், சந்திரா தம்பதியின் படகுக் காட்சி தங்களை இழிவுபடுத்துவதாக மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும், வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து அந்தக் காட்சியை நீக்குவதாக அறிவித்தார். பத்மாவின் வசவுக்கு எங்கள் தெருவில் யாரும் முகம் சுளித்ததாக நினைவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ‘கனா’. சிவகார்த்திகேயன் தயாரிப்பு, அருண்ராஜா காமராஜ் இயக்கம். விவசாயி மகள் கௌசல்யா கிரிக்கெட் வீராங்கனையாகிறாள். கதாநாயகியின் தோளில் மட்டுமே ஏற்றிய படம் ஓடும் என்று அது காட்டியது. 2020இல் ‘க/பெ ரணசிங்கம்’. வெளிநாட்டில் இறந்த கணவனின் உடலுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிற ராமநாதபுரத்துப் பெண். மனுவும் கையுமாக அலைகிற அந்த நடையில் மறுபடி எனக்கு எல்.ஐ.சி. ஏஜென்டின் மகள் தெரிந்தார். 2021 ஆகஸ்ட்டில் ‘பூமிகா’ தியேட்டருக்கு வராமல் நேராக விஜய் டிவியில் வெளியானது. வந்த வழியில் ஒருமுறை திரும்பிப் போனது போல. 2022இல் ‘சுழல்’ வெப் சீரிஸ். 2023இல் ‘ஃபர்ஹானா’, எதிர்ப்பு கிளம்பி அவர் வீட்டுக்குப் போலீஸ் பாதுகாப்பு போடும் அளவுக்குப் போனது. நடுநடுவே ஒப்புக்கொண்டிருக்கவே வேண்டாத படங்களும் உண்டு. பட்டியல் போட்டு அவரைச் சங்கடப்படுத்த எனக்கு இஷ்டமில்லை. 2025 பொங்கலுக்குத் தெலுங்கில் வெங்கடேஷுடன் நடித்த ‘சங்கராந்திகி வஸ்துன்னாம்’ பெரிய வசூல். அதில் அவர் செய்தது சுத்தமான காமெடி. ஸ்ரீலட்சுமியின் சகோதரர் மகள் அதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் செய்திருக்கிறார்.

அன்றைக்குப் படம் முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான். அக்கா உரித்த பூண்டை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடினார். படத்தைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தேன். இந்தப் பெண்தான் ‘வட சென்னை’யில் பத்மா என்று சொன்னேன். நம்பவில்லை.

“அதுவா இது? அது சின்னப் பொண்ணா இருந்துச்சே.”

அதுதான் இது என்றேன். இதில் மேக்கப் எதுவும் இல்லாத மாதிரி நடித்திருக்கிறார், அதனால் வயது தெரிகிறது என்றேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். பூண்டுத் தோலை ஊதி ஓரமாய்த் தள்ளிவிட்டுக் கேட்டார்:

“மேக்கப்பு போடாம நடிச்சா சம்பளத்துல புடிச்சிக்குவாங்களா தம்பி?”